ஆறு சொற்களில் ஒரு நாட்டின் கேள்வி!

‘ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’

2014 செப்டம்பர் 18, வியாழக்கிழமை. ஸ்காட்லாந்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குச்சீட்டில் இந்த ஒரே கேள்விதான் இருந்தது. ஆங்கிலத்தில் ஆறு சொற்கள். தமிழில் எழுதினாலும் ஆறேதான். கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஆம்’, இன்னொன்று ‘இல்லை’. ஏதாவது ஒன்றில் பெருக்கல் குறி போட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்தப் பெருக்கல் குறியில் 307 ஆண்டுக் கூட்டுக் குடும்பத்தின் தலையெழுத்து இருந்தது.

உலகப் படத்தில் இருக்கும் எல்லைக் கோடுகளில் பல ரத்தத்தில் வரையப்பட்டவை. ‘போகட்டுமா, இருக்கட்டுமா?’ என்று ஊரைக் கூட்டிக் கேட்டு, எண்ணிப் பார்த்து, முடிவை ஏற்றுக்கொண்ட கதைகள் குறைவு. ஸ்காட்லாந்து அப்படி ஒரு கதை. அங்கே ஒரு கல்லடி விழவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பேச வேண்டியதில்லை. அவ்வளவு ஒழுங்காக நடந்த ஓட்டெடுப்பும் ஏன் சண்டையை முடித்துவைக்கவில்லை என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

முதலில், எப்படிச் சேர்ந்தார்கள்?

ஸ்காட்லாந்தை இங்கிலாந்து போரில் ஜெயித்து எடுத்துக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1603-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் வாரிசு இல்லாமல் இறந்தபோது, ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ்தான் லண்டனுக்குப் போய் அந்த அரியணையிலும் உட்கார்ந்தார். ராஜா ஒருவர், நாடு இரண்டு. இப்படியே நூறு வருடம் ஓடியது.

1698-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் பனாமா பக்கம் டேரியன் என்ற இடத்தில் ஒரு குடியேற்றம் அமைக்கக் கப்பல் ஏறினார்கள். ஊரில் இருந்த பிரபுக்கள், வியாபாரிகள் எல்லாம் சேமிப்பைக் கொட்டினார்கள். நோய், பட்டினி, ஸ்பெயின்காரர்களின் முற்றுகை... இரண்டே வருடத்தில் எல்லாம் போயிற்று. நாடே கடனில் தவித்த நேரத்தில்தான் இணைப்புப் பேச்சு வந்தது. நஷ்டத்தை ஈடுகட்ட இங்கிலாந்து பணம் கொடுத்தது. 1707 மே 1-ம் தேதி இரண்டு நாடாளுமன்றங்களும் ஒன்றாகி, ‘கிரேட் பிரிட்டன்’ பிறந்தது.

ஆனால், ஸ்காட்லாந்து எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. தன் சட்டம், தன் நீதிமன்றம், தன் திருச்சபை மூன்றையும் கையிலேயே வைத்துக்கொண்டது. பள்ளிக்கூட முறையும் தனியாகவே தொடர்ந்தது. ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்துக்கொண்டது போல. ‘நாங்கள் ஒரு தேசம்’ என்ற நினைப்பு 300 வருடம் அணையாமல் இருந்ததற்கு அந்தத் தனி அடுப்பும் ஒரு காரணம்.

1979: ஜெயித்தும் தோற்ற கதை

2014-க்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1979 மார்ச் 1. அன்று கேட்கப்பட்டது சுதந்திரம் இல்லை, எடின்பரோவில் ஒரு மாநில சபை வேண்டுமா என்பதுதான். ஓட்டுப் போட்டவர்களில் 51.6 சதவிகிதம் பேர் ‘வேண்டும்’ என்றார்கள். ஆனால், சபை வரவில்லை!

காரணம், லண்டன் நாடாளுமன்றத்தில் சேர்க்கப்பட்ட ஒரு நிபந்தனை. ஓட்டுப் போட்டவர்களில் பாதி போதாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களில் 40 சதவிகிதம் பேர் ‘ஆம்’ சொல்ல வேண்டும் என்றது அது. கிடைத்தது 32.9 சதவிகிதம். வீட்டில் இருந்துவிட்டவர், ஊர் மாறிப் போனவர்... எல்லாருமே ‘இல்லை’ சொன்னதுபோல ஆயிற்று.

அந்தக் கசப்பில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, தொழிற்கட்சி அரசுக்கு எதிராக நின்றது. அதே மாதம் 28-ம் தேதி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311-க்கு 310 என ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. மே மாதத் தேர்தலில் வந்தவர் மார்கரெட் தாட்சர். அவருடைய ஆட்சியில் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. ‘போல் டாக்ஸ்’ என்ற தலைவரி இங்கிலாந்துக்கு ஒரு வருடம் முன்னதாக, 1989-லேயே ஸ்காட்லாந்தில் விதிக்கப்பட்டது. ‘எங்களை வைத்துச் சோதனை செய்கிறார்கள்’ என்ற கோபம் அங்கே ஊறிப்போனது.

1997-ல் தொழிற்கட்சி மறுபடி ஓட்டெடுப்பு நடத்தியது. இந்த முறை 40 சதவிகித நிபந்தனை கிடையாது. 74.3 சதவிகிதம் ‘ஆம்’. 1999-ல் எடின்பரோவில் நாடாளுமன்றம் கூடியது. கொஞ்சம் அதிகாரம் கொடுத்தால் தனிநாட்டுப் பேச்சு அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. 2011-ல் அதே நாடாளுமன்றத்தில் தேசியக் கட்சி 129-க்கு 69 இடங்கள் பிடித்துத் தனிப் பெரும்பான்மை பெற்றது. சுதந்திர ஓட்டெடுப்பு அதன் தேர்தல் வாக்குறுதி. இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது.

கேள்வியை யார் எழுதுவது?

2012 அக்டோபர் 15. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்து முதல்வர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இதில் இருவருமே நன்றாகப் பேரம் பேசியிருக்கிறார்கள். ‘தனிநாடு வேண்டாம், கூடுதல் அதிகாரம் போதும்’ என்ற மூன்றாவது கட்டமும் சீட்டில் இருப்பதை சால்மண்ட் விரும்பினார். கேமரூன் மறுத்துவிட்டார், ஆம் அல்லது இல்லை மட்டும்தான். பதிலுக்கு, தேதியை முடிவு செய்யும் உரிமையும் 16 வயதுக்காரர்களுக்கு ஓட்டும் சால்மண்டுக்குக் கிடைத்தன. முடிவு எதுவானாலும் இரண்டு அரசுகளும் மதிக்கும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

கேள்வியின் வாசகத்துக்கும் ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்து அரசு முதலில் எழுதிய கேள்வி, ‘...சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று இருந்தது. தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் காட்டிச் சோதித்துப் பார்த்து, ‘ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டாலே ஆம் என்ற பக்கம் தள்ளுகிறது’ என்றது. அரசு மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டது. ‘காபி சாப்பிடுறீங்கதானே?’ என்பதற்கும் ‘காபி வேணுமா?’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். வந்த விருந்தாளிக்கு அது தெரியும்.

யாருக்கு ஓட்டு? அன்று ஸ்காட்லாந்தில் குடியிருப்பவருக்கு. பிறப்பு, வம்சம் எதையும் பார்க்கவில்லை. பிரிட்டன், அயர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம், காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் முறைப்படி அங்கே வசித்தால் போதும். கிளாஸ்கோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மூர் டாக்டருக்கு ஓட்டு உண்டு. பஹாமாஸ் தீவில் குடியிருந்த, எடின்பரோ மண்ணின் மைந்தர், ஜேம்ஸ் பாண்ட் புகழ் ஷான் கானரிக்கு இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க சுதந்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்! ஒரு நாட்டின் எதிர்காலத்தை அங்கே வாழப்போகிறவர் முடிவு செய்யட்டும் என்ற அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

‘ஆம்’ என்றவர்கள் சொன்னது...

அவர்களுடைய முதல் வாதம் எளிமையானது. ‘நாங்கள் ஒரு பக்கம் ஓட்டுப் போடுகிறோம், வேறு பக்கம் ஆட்சி வருகிறது.’ 2010 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் கன்சர்வேட்டிவ் கட்சி ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆனால், பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தது அந்தக் கட்சியின் கேமரூன். ஐம்பது லட்சம் சொச்சம் மக்கள் உள்ள நாடு, ஐந்து கோடிக்கும் மேல் உள்ள இங்கிலாந்தோடு ஒரே தராசில் நின்றால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது, அணு ஆயுதம். பிரிட்டனின் டிரைடென்ட் ஏவுகணை நீர்மூழ்கிகள் நிற்பது ஃபாஸ்லேன் துறைமுகத்தில். கிளாஸ்கோவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ‘எங்கள் கொல்லைப்புறத்தில் எதற்கு?’ என்றார்கள்.

மூன்றாவது, வடகடல் எண்ணெய். எதிர்க்கரையில் இருக்கும் நார்வே தன் எண்ணெய்ப் பணத்தை 1990-லிருந்து ஒரு நிதியமாக்கிப் பேரன் பேத்திகளுக்குச் சேர்த்துவைத்தது. ‘எங்கள் எண்ணெய்ப் பணம் எங்கே போனது?’ என்று கேட்டபோது, லண்டனிடம் நல்ல பதில் இல்லை.

‘இல்லை’ என்றவர்கள் கேட்டது...

இவர்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். சொத்துப் பிரிக்கும்போது நம் வீடுகளில் கேட்கும் கேள்விகள்தான். கிணறு யாருக்கு? கடன் யாருக்கு? பொதுச்சுவர் இடிந்தால் யார் கட்டுவது?

முதல் கேள்வி, எந்தப் பணம்? ‘பவுண்டையே வைத்துக்கொள்வோம்’ என்றார் சால்மண்ட். ‘உங்களோடு பவுண்டைப் பங்குபோட மாட்டோம்’ என்று 2014 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். ஆகஸ்ட் 5 தொலைக்காட்சி விவாதத்தில், ‘இல்லை’ அணித் தலைவர் அலிஸ்டர் டார்லிங் அதையே பிடித்துக்கொண்டார். ‘பவுண்டு கிடைக்காவிட்டால் உங்கள் மாற்று ஏற்பாடு என்ன?’ திரும்பத் திரும்பக் கேட்டும் சால்மண்டிடமிருந்து நேரடி பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து நடந்த இரண்டாவது விவாதத்தில் சால்மண்ட் கை ஓங்கியது. ஆனால், முதல் நாள் எழுந்த சந்தேகம் போகவில்லை. பென்ஷன் வாங்கும் பாட்டிக்கு அது எந்தப் பணத்தில் வரும் என்று தெரியாவிட்டால், கொடி எவ்வளவு அழகாக இருந்து என்ன?

இரண்டாவது, வங்கி. எடின்பரோவைத் தலைமையகமாகக் கொண்ட ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2008 நெருக்கடியில் மூழ்கப் பார்த்தபோது, பிரிட்டிஷ் அரசு 45 பில்லியன் பவுண்டு போட்டுக் காப்பாற்றியது. தனியாக இருந்திருந்தால் யார் காப்பாற்றியிருப்பார்கள்?

மூன்றாவது, அதே எண்ணெய். சுதந்திர அணியின் கணக்கில் ஒரு பீப்பாய் சுமார் 110 டாலர். ஓட்டெடுப்பு முடிந்து நான்கே மாதத்தில் விலை 50 டாலருக்குக் கீழே இறங்கியது. 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே. ‘ஆம்’ ஜெயித்திருந்தால், 2016 மார்ச்சில் சுதந்திரம் என்பது திட்டம். பிறந்த குழந்தைக்குத் தொட்டில் வாங்கவே திண்டாட்டம் ஆகியிருக்கும்.

‘இல்லை’ அணி சொன்ன இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டுமா? அப்படியானால் பிரிட்டனோடு இருங்கள். பிரிந்து போனால் ஐரோப்பாவின் கதவை மறுபடி தட்ட வேண்டியிருக்கும்.’

கடைசிப் பத்து நாள்

நெடுநாள் வரை ‘இல்லை’தான் முன்னணியில் இருந்தது. செப்டம்பர் 7-ம் தேதி வெளியான ஒரு கருத்துக்கணிப்பு, ‘ஆம்’ 51, ‘இல்லை’ 49 என்றது. லண்டன் ஆடிப்போய்விட்டது. 10-ம் தேதி நாடாளுமன்றக் கேள்வி நேரத்தையே விட்டுவிட்டு, கேமரூன், எட் மிலிபாண்ட், நிக் கிளெக் என மூன்று கட்சித் தலைவர்களும் ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். 16-ம் தேதி ‘டெய்லி ரெக்கார்டு’ நாளிதழின் முதல் பக்கத்தில் மூவரும் கையெழுத்திட்ட வாக்குறுதி வந்தது. ‘இல்லை’ என்று ஓட்டுப் போடுங்கள், கூடுதல் அதிகாரம் தருகிறோம்!

சீட்டில் இடம் மறுக்கப்பட்ட அந்த மூன்றாவது கட்டம், கடைசி இரண்டு நாள் இருக்கும்போது பின்வாசல் வழியாக உள்ளே வந்தது.

விடிந்தபோது கணக்கு இது: ‘இல்லை’ 20,01,926 ஓட்டு, 55.3 சதவிகிதம். ‘ஆம்’ 16,17,989 ஓட்டு, 44.7 சதவிகிதம். ஓட்டுப் போட்டவர்கள் 84.6 சதவிகிதம் பேர். பெரிய ஊரான கிளாஸ்கோவும் டண்டீயும் ‘ஆம்’ என்றன. மொத்தம் 32 வட்டாரங்களில் அப்படிச் சொன்னவை நான்குதான். ஒரே சாப்பாட்டு மேஜையில் அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் என்று இருந்த வீடுகள் ஏராளம். தோல்வியை ஒப்புக்கொண்டு அன்றே பதவி விலகலை அறிவித்தார் சால்மண்ட். ஓட்டு எண்ணிக்கையில் மோசடி என்று அவர் கொடி பிடிக்கவில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் காலையே ஆரம்பித்தது

ஜெயித்தவர்கள் அன்று கொஞ்சம் பெருந்தன்மையாக இருந்திருக்கலாம். காலை விடிந்ததும் பேசவந்த கேமரூன், ஸ்காட்லாந்துக்குத் தரும் அதிகாரத்தோடு, இங்கிலாந்து விவகாரங்களில் இங்கிலாந்து எம்.பி-க்கள்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற பேச்சையும் சேர்த்து எடுத்தார். ‘கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மொய்க் கணக்கா?’ என்பதுபோல் இருந்தது. எட்டு மாதம் கழித்து நடந்த பொதுத் தேர்தலில், தோற்ற கட்சியான ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 59-ல் 56 தொகுதிகளை அள்ளியது.

பிறகு வந்தது 2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா என்று பிரிட்டன் முழுவதும் ஓட்டெடுப்பு. மொத்த நாடு 51.9 சதவிகிதம் ‘வெளியேறுவோம்’ என்றது. ஸ்காட்லாந்தில் 62 சதவிகிதம் ‘இருப்போம்’. 32 வட்டாரங்களும் அப்படியே சொன்னன. ஐரோப்பாவில் இருக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள் என்று சொல்லித்தானே ஓட்டு வாங்கினீர்கள்? இப்போது பிரிட்டனோடு இருப்பதாலேயே ஐரோப்பா போயிற்றே?

நியாயமான கேள்வி. ‘அப்படியானால் மறுபடி கேளுங்கள்’ என்றார் சால்மண்டுக்குப் பிறகு முதல்வரான நிக்கோலா ஸ்டர்ஜன். ‘தலைமுறைக்கு ஒருமுறை வாய்ப்பு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?’ என்றது லண்டன். அதுவும் உண்மை. சுதந்திரத் திட்டத்தை விளக்கி ஸ்காட்லாந்து அரசே வெளியிட்ட அறிக்கையில் அந்தச் சொற்கள் இருந்தன. ஆனால், இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்ட எடின்பரோ ஒப்பந்தத்தில் இல்லை!

ஸ்டர்ஜன் 2023 அக்டோபர் 19 என்று தேதியே குறித்தார். 2022 நவம்பர் 23-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: லண்டன் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் எடின்பரோ ஓட்டெடுப்பு நடத்த முடியாது. 2024 பொதுத் தேர்தலில் தேசியக் கட்சி 57-ல் 9 இடங்களாகச் சுருங்கியது. ஆனாலும் சுதந்திரத்துக்கான ஆதரவு, கருத்துக்கணிப்புகளில் பாதிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கட்சி இறங்கியது, கேள்வி இறங்கவில்லை.

எழுதாமல் விட்ட ஒரு வரி

இப்படி ஒரு ஓட்டெடுப்பு நடத்த மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒன்று, கேள்வி. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995-ல் கேட்ட கேள்வியில் ஒரு மசோதாவும் ஓர் ஒப்பந்தமும் ‘கூட்டாண்மை’யும் கலந்து கிடந்தன. சுதந்திரமா, பாதி சுதந்திரமா என்றே பலருக்குப் புரியவில்லை. முடிவு 50.58-க்கு 49.42. ஒரு நாடு நூலிழையில் தப்பித்தது. கேள்வி தெளிவாக இருக்க வேண்டும் என்று பின்னால் சட்டம் போட்டார்கள். ஸ்காட்லாந்து அதை முதலிலேயே சரியாகச் செய்தது.

இரண்டு, கணக்கு. எத்தனை பேர் சொன்னால் போதும்? மான்டினீக்ரோ 2006-ல் செர்பியாவிடமிருந்து பிரிய 55 சதவிகிதம் வேண்டும் என்று முன்பே பேசிவைத்தார்கள். கிடைத்தது 55.5. அரை சதவிகிதத்தில் ஒரு நாடு பிறந்தது. விதி முன்பே தெரிந்ததால் பெரிய தகராறு இல்லை. பாதிக்கு மேல் ஒரு ஓட்டா, 55-ஆ என்பதில் எது சரி என்று வாதாடலாம். 1979-ஐப் போல ஓட்டுப் போடாதவரையும் ‘இல்லை’ பக்கம் எண்ணும் விதி மட்டும் வேண்டாம். 2014-ல் ஸ்காட்லாந்து இதையும் சரியாகச் செய்தது.

மூன்று, மறுபடி எப்போது கேட்கலாம்? இங்கேதான் ஸ்காட்லாந்து கோட்டைவிட்டது. இத்தனைக்கும் பதில் அதே பிரிட்டனுக்குள்ளேயே இருக்கிறது. வட அயர்லாந்தில் ரத்தம் சிந்தி முடித்து 1998-ல் போட்ட பெரிய வெள்ளி ஒப்பந்தத்தில், அயர்லாந்தோடு சேரப் பெரும்பான்மை விரும்புவதாகத் தெரிந்தால் ஓட்டெடுப்பு நடத்தியாக வேண்டும், ஒருமுறை நடந்தால் அடுத்தது ஏழு வருடத்துக்குள் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். குண்டு வெடித்த இடத்தில் எழுதிக்கொண்ட வரியை, அமைதியாக இருந்த இடத்தில் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த வரி இல்லாததால் ஒரு தரப்புக்கு ‘எப்போது வேண்டுமானாலும்’, இன்னொரு தரப்புக்கு ‘இனி ஒருபோதும் வேண்டாம்’. நடுவில் சாதாரண மக்கள். வரி எழுதினால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. பிரான்ஸின் நியூ கலிடோனியா தீவில் மூன்று ஓட்டெடுப்பு என்று எழுதித்தான் வைத்தார்கள். 2018, 2020 இரண்டும் ஒழுங்காக நடந்தன. 2021-ல் கொரோனா மரணங்களால் துக்கத்தில் இருந்த பூர்வகுடிக் கட்சிகள் தள்ளிவைக்கக் கேட்டும் தள்ளாமல் நடத்தினார்கள். அவர்கள் புறக்கணித்தார்கள். 96 சதவிகிதம் ‘இல்லை’ என்று வந்த முடிவை அவர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. விதியோடு மனசும் வேண்டியிருக்கிறது.

சரி, ஸ்காட்லாந்து பிரிய வேண்டுமா, கூடாதா? அதை அங்கே குளிரிலும் மழையிலும் வாழ்கிறவர்கள் சொல்லட்டும். வெளியில் இருந்து பார்க்கும் நமக்குத் தெரிவது ஒன்றுதான். பிரிந்துபோகக் கேட்கிறவர், மறுநாள் காலையில் பாட்டியின் பென்ஷன் எந்தப் பணத்தில் வரும் என்று சொல்லக் கடமைப்பட்டவர். சேர்ந்திருக்கச் சொல்கிறவர், மனம் மாறினால் கேட்பதற்கு எந்தக் கதவு, எப்போது திறக்கும் என்று சொல்லக் கடமைப்பட்டவர். 2014-ல் இரண்டு பேருமே தங்கள் பங்கைப் பாதிதான் சொன்னார்கள்.

கதவு இருக்கிறது என்று தெரிந்த வீட்டில் மனிதர்கள் கொஞ்சம் நிம்மதியாகவே உட்காருவார்கள்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அடுத்த ஓட்டெடுப்புக்கு எத்தனை வருட இடைவெளி நியாயம்? ஏழா, இருபதா, ஒரு தலைமுறையா? இன்று இரவு சாப்பாட்டு மேஜையில் கேட்டுப் பாருங்கள். 16 வயதுக்காரர் இருந்தால் அவரையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்காட்லாந்து கேட்டதே!